வடக்கு வேலியின் நிழல்

கணவன் இறந்த வாரத்தில், இந்தப் பருவம் முடிகிறவரை மட்டும் என்று சொல்லித்தான் நைரி மக்கெர்ச்சர் போல்ஸ் என்னும் பந்துருட்டும் ஆட்டத்திற்கான டன்ரிக் சங்கத்தின் புல்திடலைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். அதன்பின் பதினொரு குளிர்காலங்கள் போய்விட்டன. தான் சொன்ன சொல்லை அவளும் மறக்கவில்லை; கேட்டவர்களும் மறக்கவில்லை. அதை எடுத்துப் பேசத்தான் இரு தரப்பிலும் எவருக்கும் வாய் வரவில்லை.

டன்ரிக்கில் அப்படித்தான். உலகின் தென்கோடியில் இருக்கும் சவுத்லாந்தின் ஈரச் சமவெளியில், ஆட்டைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மனத்தில் உள்ளதைப் பேசுவது மட்டும் ஏறக்குறைய ஓர் ஒழுங்கீனம். 'பரவாயில்ல' என்று ஒருவர் சொன்னால் அவரால் தாங்க முடியவில்லை என்று பொருள். 'மோசமில்ல' என்றால் இதைவிடச் சிறந்தது உலகில் இல்லை என்று பொருள். நைரியின் கணவன் டக் மக்கெர்ச்சரை அடக்கம் செய்த அன்று, அவனுடைய உயிர்த் தோழனும் சங்கத் தலைவனுமான லின்ட்சி டல்லக், நைரியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். கடைசியில், "ஒரு பந்தையும் குறிக்கு எட்டாம விட்டதில்ல அவன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினான். அதைவிடப் பெரிய இரங்கலுரை அவ்வூரில் எவருக்கும் கிடைத்ததில்லை.

டக்தான் முன்பு அந்தத் திடலின் காப்பாளன். கோடைப் போட்டி ஒன்றின் நடுவே, உருட்ட வேண்டிய பந்தைக் கையில் ஏந்தியவாறே திடலின் மேல் சரிந்து விழுந்தான். அவன் நினைவாகச் சங்கத்தார் ஏதேனும் செய்ய விரும்பினார்கள். ஒரு மர இருக்கை வைக்கலாம் என்றார் ஒருவர். லின்ட்சியின் மனைவி எல்ஸ்பெத், இருக்கை மழையில் மக்கிப்போகும், மரம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்றாள். எனவே என்றும் பச்சையாக அடர்ந்து வளரும் மக்ரோகார்ப்பா மரங்களால் ஓர் உயிர்வேலி நடுவது என்று முடிவாயிற்று. சாலையில் போவோர் அனைவரும் பார்க்கும்படி, வாயிலை ஒட்டிய வடக்கு எல்லை நெடுகக் குழிகள் தோண்டினார்கள்.

அந்த நாட்டில் குளிர்காலச் சூரியன் வடக்கு வானில்தான், அதுவும் தாழ்ந்து, சோம்பலாக ஊர்ந்து போகும். வடக்கில் மரத்தை வளர்த்தால் தெற்கே, திடலின் மேல்தான் நிழல் விழும். நடவுக்கு வந்து நின்றவர்களில் ஒருவர்கூட இதை அறியாதவர் இல்லை. எல்லாரும் பண்ணைகளில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் எல்ஸ்பெத் முதற்கன்றைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நிற்கிறாள். கறுப்புக் கையுறை அணிந்த கைம்பெண் மண்வெட்டியுடன் நிற்கிறாள். யார் வாயைத் திறப்பார்கள்? நைரிக்கும் தெரியும். அவள் முதற்குழியில் மண்ணைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து, "மோசமில்ல" என்றாள்.

கன்றுகள் முழங்கால் அளவு இருந்தவரை தொல்லை இல்லை. பிறகு மக்ரோகார்ப்பா தன் குணத்தைக் காட்டியது. இரண்டு ஆள் உயரம் வளர்ந்து, இலையோடு இலை நெருங்கிச் சுவராகி, குளிர்காலமான மே மாதம் முதல் ஆகஸ்டு வரை திடலின் பாதியைத் தன் நிழலுக்குள் வைத்துக்கொண்டது. அந்தப் பாதியில் உறைபனி நண்பகலிலும் கரையாது. காற்று நுழையாது. புல்லின் நுனியில் தேங்கிய ஈரம் அன்று முழுவதும் அங்கேயே இருக்கும். குளிர்ப்பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? மாலையில் நன்றாக இருந்த புல்லில், காலையில் காசளவு செம்பழுப்புப் புள்ளி ஒன்று தெரியும். குனிந்து பார்த்தால் அதன் விளிம்பில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போன்ற வெள்ளை நூல்கள். ஓரிரு நாள் கவனியாமல் விட்டால் புள்ளி தட்டாகும். தட்டுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும். வசந்தத்தில் ஆட்டம் தொடங்கும்போது திடல் சொறி பிடித்த நாயின் முதுகாக இருக்கும்.

வந்தபின் மருந்தடிப்பதைவிட வராமல் காப்பதே இந்த நோய்க்கு வழி. இலையுதிர்காலம் பாதி கழிந்ததுமே நைரி தழைச்சத்து உரத்தை நிறுத்திவிடுவாள். கொழுத்த, மெல்லிய புல்லைப் பூஞ்சை விரும்பித் தின்னும். அதற்குப் பதிலாக அன்னபேதி என்னும் இரும்புப்பை நீரில் கரைத்துத் தெளித்துப் புல்லை இறுகச் செய்வாள். முள் உருளையை இழுத்து மண்ணுக்கு மூச்சுத் துளைகள் இடுவாள். பூஞ்சைக்கொல்லியை நோய் தலைகாட்டுமுன் ஒருமுறை அடிப்பாள். இவையெல்லாம் அளவுள்ள வேலைகள், செய்தால் முடிந்துவிடும். முடியாத வேலை ஒன்று உண்டு. உறைபனி இல்லாத ஒவ்வொரு விடியலிலும் நீண்டு வளையும் கழி ஒன்றை எடுத்துக்கொண்டு, திடலின் குறுக்கே நடந்து, புல்லின் மேலுள்ள ஈரத்தை வீசித் தட்ட வேண்டும். வெயில் படும் பாதியில் இதை ஒருநாள் விட்டாலும் குற்றமில்லை. நிழற்பாதி அப்படி மன்னிக்காது. நைரி ஒரு குளிர்காலத்தில் காய்ச்சலில் படுத்தாள். எழுந்து வந்து பார்த்தபோது திடலின் வடக்கு ஓரம் வெள்ளைப்பூப் பூத்திருந்தது.

அவளது வீடு திடலுக்கு அடுத்தாற்போல் இருந்தது. சமையலறைச் சன்னலைத் திறந்தால் வேலி. மூடினால் வேலியின் நிழல். அவள் விரல்களின் மூட்டுகள் ஈரத்தில் வீங்கத் தொடங்கியிருந்தன. மருத்துவர், குளிர்காலத்தில் எங்கேனும் வெப்பமான இடத்திற்குப் போய் வாருங்கள் என்று சொன்னார். நைரி நன்றி கூறிவிட்டு, மறுநாள் விடியலில் கழியை எடுத்தாள்.

அவளைப் பார்த்த எவரும் அந்த வேலைக்கு முன்வரவில்லை. அது நியாயந்தான். வேலை கடினமாக இருந்ததற்குக் காரணம் வேலி. வேலியை வெட்டலாம் என்று சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. அது டக்கின் வேலி. நைரி சொல்லலாம். ஆனால் அவள் சொல்வதற்கு ஏற்ற காலமும் கடந்துவிட்டது, ஏனெனில் இப்போது கிளைவ் இருந்தான்.

கிளைவ் ஹார்வுட், வடக்கே வெகுதொலைவில் வெயில் மிகுந்த நெல்சன் ஊரில் ஆப்பிள் தோட்டம் வைத்திருந்து ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்தவன். தங்கை மகனின் திருமணத்திற்காக டன்ரிக்கிற்கு வந்தவன், விருந்திலிருந்து நழுவித் திடலோரம் வந்து நின்று, தன் வீட்டுப் புல்வெளியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ வருகிறதே என்று நைரியிடம் கேட்டான். அவள் சொன்னதில் பாதியைக்கூட அவன் செய்யவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைத்தான். சென்ற குளிர்காலத்தில் அவளைப் பார்க்க வந்தபோது, விடியலில் அவளோடு எழுந்து, மேலங்கிமேல் மேலங்கி போட்டுக்கொண்டு திடலோரம் நடுங்கி நின்றான்.

"தினமுமா இது?"

"தினமும்."

"சிறையில கூட ஞாயித்துக்கிழம லீவு விடுவாங்க, நைரி."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. தன் வீட்டு அடுக்களைச் சன்னலில் காலையிலிருந்து மாலைவரை வெயில் விழும் என்றும், அங்கே வந்துவிடு என்றும் சொன்னான். "நான் எத்தன தடவ வேணாலும் கேப்பேன். ஆனா எழுபது தாண்டிட்டேன். இது மிரட்டல் இல்ல, வயசு."

வேலியை வெட்டச் சொன்னால் ஊர் என்ன நினைக்கும் என்று அவளுக்குத் தெரியும். நெல்சன்காரனுக்காகப் புருஷனை வேரோடு சாய்த்தாள் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே அந்தச் சொல் கடைத்தெருவில் அவள் பின்னால் நடந்து வரும்.

இவ்வாண்டு மே மாதம் சங்கத்தின் பொதுக்கூட்டம் கூடியது. 'இந்த ஆண்டு நான் நிற்கவில்லை' என்னும் ஒற்றை வாக்கியத்தை நைரி ஒரு வாரமாகப் பயின்றிருந்தாள். கண்ணாடியிடம் சொன்னாள், பூனையிடம் சொன்னாள். பூனை ஏற்றுக்கொண்டது.

சங்கக் கட்டடத்தில் கணப்பு எரிந்தது. அடுக்களை அடுப்பில், ரொட்டியில் சீஸ் தடவிச் சுருட்டிய ரோல்கள் சூடாகிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்வதும் நைரியின் பொறுப்பே. பொறுப்புகளுக்கு ஆள் தேடும் அந்தக் கூட்டத்தில், இருக்கையை விட்டு எழுவது ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி.

"போன வருஷம் பாத்ரூம் போனேன்" என்றான் பண்ணைக்காரன் ஸ்டூவி. "திரும்பி வந்தா நான் பொருளாளர். இந்தத் தடவ காலைலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலப்பா."

"உன்ன யார் மறுபடி போடுவா? சங்கக் கணக்குல போன வருஷம் உன் ஆட்டையெல்லாம் சேத்து எண்ணிட்ட" என்றாள் எல்ஸ்பெத்.

லின்ட்சி மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஒவ்வொன்றாக வாசித்தான். ஸ்டூவி மீண்டும் பொருளாளரானான். அடுத்தது திடல் காப்பாளர். அவள் வாயைத் திறந்தாள். அந்த நொடியில் அடுக்களையிலிருந்து கருகல் மணம் வந்தது.

"ரோல் கருகுது!" என்று யாரோ கத்தினார்கள்.

பழகிய கால்கள் அவளைக் கேட்காமலே எழுந்து ஓடின. தட்டை வெளியே இழுத்து, கருகியவற்றைத் தனியே எடுத்துவைத்து, மற்றவற்றின் மேல் வெண்ணெய் தடவி, இரு கைகளிலும் தட்டை ஏந்திக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன?" என்றாள்.

"ஒருமனதா, நைரி" என்றான் லின்ட்சி. அவன் முகத்தில் உண்மையான அன்பு இருந்தது. "வேற யாரையும் நினைச்சுப் பாக்கக்கூட முடியல எங்களால."

தட்டு சுட்டது. எங்கேனும் வைத்தால்தான் பேச முடியும். வைப்பதற்கு இடமில்லாமல் மேசை முழுவதும் கோப்பைகள் இருந்தன. எல்லா முகங்களும் அவளை நோக்கி மலர்ந்திருந்தன. "சாப்பிடுங்க, ஆறிடப் போகுது" என்றாள் அவள்.

ஞாயிறன்று கிளைவ் கேட்டான். "சொல்லிட்டியா?"

"ரோல் கருகிடுச்சு."

"நைரி, நான் உன்ன ஒரு ரோலுக்காகவா இழக்கணும்?"

மறுநாள் விடியலில் ஈரத்தைத் தட்டிக்கொண்டே நிழலின் எல்லைவரை வந்தவள், நின்று வேலியை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணக்கு அவளுக்குப் புலப்பட்டது. வேலி போனால் வெயில் வரும். வெயில் வந்தால் ஈரம் தானே உலரும். பூஞ்சை பாதி அடங்கும். வேலை எளிதானால் யாரேனும் அதை ஏற்பார்கள். அவள் எவரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதே இராது. ஊர் பேசட்டும், அவள்தான் இங்கே இருக்கப் போவதில்லையே.

சுற்றுவட்டாரப் பண்ணைகளின் வேலிகளையெல்லாம் டிராக்டரில் பூட்டிய பெரிய வாளால் வெட்டுபவன் ராவிரி. அவள் கேட்டபோது அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"எவ்வளவு உயரத்துக்கு?"

"இடுப்பளவு."

"சங்கத்துல கேட்டியா?"

"என் புருஷன் பேருல இருக்கிற வேலி, ராவிரி. அவங்கதான் என்னக் கேக்கணும்."

அவன் தலையசைத்தான். ஜூன் மாதத்து வறண்ட காலை ஒன்றில் வந்தான். வாளை முடுக்குமுன் மரங்களின் அருகே சென்று, அந்த மண்ணின் பூர்வகுடிகளான தன் முன்னோர் மொழியில் தாழ்ந்த குரலில் இரண்டு வரி சொன்னான். நைரி கேட்டுக்கொண்டு நின்றாள். அதன் பொருள் அவளுக்குத் தெரியாது. ஆயினும், டக்குக்கு முறையாக விடைகொடுத்தவன் இவன் ஒருவன்தான் என்று தோன்றியது.

வாளின் இரைச்சல் ஊரை அழைத்து வந்தது. சிலர் சாலையோரம் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்ஸ்பெத் சூடான தேநீரோடு வந்து நைரியின் பக்கத்தில் நின்றாள். மேற்கிளைகள் சரிந்து விழ விழ, பச்சைப் பிசின் மணம் காற்றில் எழுந்தது. நைரி திட்டுக்காகக் காத்திருந்தாள்.

"தப்பான பக்கம்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் எல்ஸ்பெத், வேலியைப் பார்த்தவாறே. "செடியக் கையில வாங்கினப்புறந்தான் தோணுச்சு. நீ ஏதாவது சொல்லுவேன்னு பாத்தேன்."

"நீ சொல்லுவேன்னு நான் பாத்தேன்."

"நானா? புருஷன் செத்தவ முன்னாடியா?" எல்ஸ்பெத் தேநீரை ஊற்றி நீட்டினாள். "பதினோரு வருஷம். நீ தினமும் அந்தக் கழியத் தூக்கிட்டுப் போறப்பெல்லாம் நான் சன்னல்ல திரையப் போட்டுடுவேன்."

இருவரும் தேநீரைக் குடித்தார்கள்.

வெயில் வந்தது. திடலின் வடக்குப் பாதி, கூச்சத்தோடு ஆடை களைவதுபோல, நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. முற்பகலுக்குள் உறைபனி கரைந்தது. காற்று இடுப்பளவு வேலியைத் தாண்டி வந்து புல்லைக் கோதியது. பழைய புள்ளிகள் பரவாமல் நின்று, அவற்றின் நடுவே புதுத் தளிர் ஊசிமுனையாக எழுந்தது. சங்கத்தார் ஒவ்வொருவராக வந்து பார்த்து, "மோசமில்ல" என்றார்கள். டக்கின் பெயரை எவரும் இழுக்கவில்லை. நைரி காத்திருந்தாள். வேலை எளிதாகிவிட்டதே, நான் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்து சொல்வார் என்று நாள்தோறும் எதிர்பார்த்தாள்.

ஒரு மாலை லின்ட்சி வந்தான். கையில் ஒரு வாளி நிறையப் புளஃப் கடற்சிப்பிகள், அவ்வூராரின் விருந்துணவு. அவன் வீட்டில் மகிழ்ச்சி நேர்ந்தால் பிறருக்குச் சிப்பி போகும். வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டது போலும் என்று நைரிக்கு உள்ளம் குளிர்ந்தது.

"நல்லாத்தான் ஆச்சு" என்றான், நாற்காலியில் அமர்ந்துகொண்டே. "இத எப்பவோ செஞ்சிருக்கணும். நம்ம முட்டாள்தனம். கமிட்டியில எல்லாருக்கும் ஒரே நிம்மதி."

"அப்படியா?"

"பின்ன? நீ எங்க முடியலன்னு விட்டுட்டுப் போயிடுவியோன்னு எல்லாருக்கும் உள்ளூரப் பயம். இனிமே உனக்கு வேலைன்னு பேரே தவிர, ஒண்ணுமில்ல. இன்னும் பத்து வருஷம் கண்ண மூடிட்டு ஓட்டலாம்."

நைரி வாளியைப் பார்த்தாள். வேலை கடினமாக இருக்கிறது, விட்டுவிடுகிறேன் என்றாவது இதுநாள்வரை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாயிலையும் அவளே ராவிரியை அழைத்து அடைத்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். லின்ட்சியும் என்னவென்று புரியாமல் கொஞ்சம் சிரித்து வைத்தான்.

"லின்ட்சி, நான் போறேன்" என்றாள்.

"எங்க? கடைக்கா? சிப்பிக்கு எலுமிச்ச நானே கொண்டாந்திருக்கேன்."

"நெல்சனுக்கு. கிளைவ் வீட்டுக்கு."

"ஓ." அவன் தொப்பியைச் சுழற்றினான். "எப்ப திரும்புவே?"

"திரும்ப மாட்டேன்."

அவன் முகம் மெல்ல மெல்ல இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைக் கண்டால் 'பரவாயில்லை, இருக்கிறேன்' என்று சொல்லிவிடுவோம் என்று அஞ்சித்தான் பதினொரு குளிர்காலங்களாக அவள் அதைக் காணாமல் காத்தாள்.

"குளிர்காலம் பாதியில இருக்கு, நைரி. திடல்?"

"கழி கொட்டாயில இருக்கு. மருந்து அலமாரில இருக்கு. எப்படிச் செய்யணும்னு ஸ்டூவிக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிக்கிறான்."

"டக் என்ன சொல்லுவான்?"

அவள் அஞ்சிய சொல் இதுதான். அது வந்தேவிட்டது. வந்தபின் அவள் நினைத்த அளவு கனமாக இல்லை.

"டக் பதினோரு வருஷமா ஒண்ணும் சொல்லல. நீங்கதான் அவனுக்காகப் பேசிட்டிருக்கீங்க. நானும்தான்."

லின்ட்சி எழுந்தான். வாயில்வரை சென்று, திரும்பி நின்று, ஏதோ சொல்ல முயன்றான். டன்ரிக்கில் பிறந்தவனுக்கு அது கைவரவில்லை. "சிப்பிய இன்னைக்கே சாப்பிட்டுடு" என்று சொல்லிவிட்டு இருட்டில் இறங்கிப் போனான்.

கிளைவ் காரில் வந்தபோது ஊரில் பனி பெய்து, ஒரே இரவில் கரைந்து, பருவத்திற்கு ஒவ்வாத வெதுவெதுப்பும் தூறலும் பிடித்திருந்தன. பூஞ்சைக்கு இதைவிட நல்ல வானிலை கிடையாது. அந்த விடியலில் நைரி சன்னல் பக்கம் போகவில்லை. பெட்டிகளை எடுத்து வைத்தாள். கூண்டுக்குள் அலறிய பூனையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தாள். வீட்டுச் சாவியை எல்ஸ்பெத் வந்து வாங்கிக்கொண்டாள்.

"மோசமில்ல, நீ செய்றது" என்றாள் எல்ஸ்பெத்.

கார் திடலின் ஓரமாகத்தான் போக வேண்டும்; சாலைக்கு வேறு வழியில்லை. பார்க்கக் கூடாது என்று இருந்த நைரி பார்த்துவிட்டாள். இடுப்பளவு வேலிக்கு மேலே திடல் முழுவதும் தெரிந்தது. ஒருவரும் அங்கே இல்லை. நனைந்த புல் பாலில் நனைந்ததுபோல வெளுத்திருந்தது. வடக்கு ஓரத்தில், வெயிலே வராத மூன்று நாள்களில், புதிய வெள்ளை நூல்கள் ஒரு தட்டளவு படர்ந்திருந்தன. அதன் பக்கத்தில் இன்னொன்று. இப்போது இறங்கினால் ஒரு மணி நேர வேலை. மாலைக்குள் மருந்தடித்துவிட்டால் போதும்.

அவள் கை கதவின் பிடியில் இருப்பதைக் கிளைவ் கண்டான். காரின் வேகத்தைக் குறைத்தான்.

"நிறுத்தவா?"

அவள் விரல்கள் பிடியை இறுகப் பற்றியிருந்தன. வீங்கிய மூட்டுகள் வலித்தன. வேலி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"நிறுத்தினா நான் இறங்கிடுவேன்" என்றாள். "ஓட்டு."

அவன் ஓட்டினான். வேலி முடிந்தது, பால் பண்ணையின் வேலி தொடங்கியது. ஊர் எல்லைப் பாலத்தைக் கடக்கும்வரை அவள் கை கதவின் பிடியிலேயே இருந்தது. அதன்பின்னும் நெடுநேரம் இருந்தது.